மங்கலம்: ஆம்

என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சண்டை போட வருவார்கள், மீதிப் பேர் அழ வருவார்கள். பத்து வருஷமாக விருதுநகர் ஆவண மையத்தில் இதே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டும் பழகிவிட்டது. செண்பகவல்லி சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை. குடும்ப அட்டையை என் திரைக்கு நேரே நீட்டி, "மேடம், இதுல நான் எங்க இருக்கேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்து விசாரிப்பவள் போல.

பார்த்தேன். முதல் வரியில் அமரர் கணேசமூர்த்தி. இரண்டாவது வரியில் மகள் நிலவரசி, வயது ஐந்து. அதற்குக் கீழே, காப்பாளர் என்ற இடத்தில் கணேசமூர்த்தியின் தம்பி முனீஸ்வரனும் அவர் மனைவியும். செண்பகவல்லி என்ற பெயர் மேலிருந்து கீழ்வரை எங்கும் இல்லை.

"நீங்க கணேசமூர்த்திக்கு என்ன வேணும்?"

"சம்சாரம். இந்தப் பிள்ளைய நான்தான் பெத்தேன். ரெண்டுக்கும் பதிவு இருக்கு, பாத்துக்கோங்க."

பக்கத்தில் நின்ற பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்தினால் அம்மாவின் வாயைப் பார்க்கும். முப்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கையில் ஆஸ்பத்திரிப் பை.

"அவர் தவறி எட்டு மாசமாச்சு. இறப்பைப் பதிஞ்ச அன்னைக்கே என் பேரு போயிருச்சு போல. நான் கவனிக்கல. அப்ப எனக்கு அட்டையா முக்கியம்? இப்பத்தான் ஆஸ்பத்திரியில சொல்றாங்க, நீங்க யாருன்னே தெரியலியேம்மான்னு."

கதையைக் கோவையாகவே சொன்னாள். நிலவரசிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி பொருத்த ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வயது முடிவதற்குள் காப்பாளரின் சம்மதம் பதிவாக வேண்டும், முடிந்துவிட்டால் அரசாங்கத் திட்டத்தில் இடமில்லை. பிள்ளைக்குச் சனிக்கிழமை ஆறு முடிகிறது. அவள் என் மேசைக்கு வந்தது திங்கள்கிழமை.

"அட்டையில காப்பாளர்னு இருக்கிற முனீஸ்வரன் போட மாட்டேங்கிறாரா?"

"அவர் கெட்டவர் இல்ல மேடம். பயந்துட்டார். 'பிள்ளை மண்டையில ஓட்டை போடுறதுக்கு நான் கையெழுத்துப் போட்டு, ஏதாவது ஆயிப்போச்சுன்னா அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன் மதினி'ங்கிறார். அண்ணன்தான் போய்ச் சேந்துட்டாரே, எங்க போய் முழிக்கப் போறார்? சொன்னாக் கேக்க மாட்டேங்கிறார். எனக்கு அவர் கையெழுத்து வேண்டாம். என் கையெழுத்தை வாங்கிக்கச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதே புகாரோடு ஆறு மாதத்தில் ஐந்தாறு பேர் இதே மேசைக்கு வந்திருக்கிறார்கள். "சர்வர் சரியில்லை, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவைத்தவள் நான்தான். எல்லோருமே புருஷனை இழந்தவர்கள் என்பது அந்த நிமிஷம்தான் மண்டையில் உறைத்தது.

"ஒரு பேனாவை எடுத்து ஓரத்துல என் பேரை எழுதிர முடியாதா?" என்றாள்.

"முடிஞ்சா எழுதிர மாட்டேனா? இந்த அட்டையில எழுத்துன்னே ஒண்ணும் கிடையாதும்மா. இதுக்குப் பேரு கூட்டாவணம். பந்தியில போட்ட இலை மாதிரி. இலை காலி. நீங்க திறக்கிற நிமிஷத்துல முகவரி காட்டுற கூறு வந்து முகவரியைப் பரிமாறும். தேதிக்கு ஒரு கூறு, முத்திரைக்கு ஒரு கூறு, உறவுக்கு ஒரு கூறு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மென்பொருள், ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர் சமைச்சு வச்சிருக்காங்க."

"என் வீட்டுக்குன்னு தனியாவா?"

"எங்க? ஊருக்கெல்லாம் ஒரே சாம்பார்தான். பள்ளிக்கூடச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சம்மதம், எல்லாத்துக்கும் அதே கூறு. ஒருத்தர் நல்லா எழுதி வச்சுட்டா மத்தவங்க அதையே எடுத்துக்குவாங்க. போன வருஷம் அட்டையெல்லாம் இப்படி மாத்தினப்ப யாரு உக்காந்து புதுசா எழுதுவா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என் பேரு எந்த அடுப்புல கருகுச்சு?"

கெட்டிக்காரி. அதைத்தான் தேட ஆரம்பித்தேன். அவள் பெயர் அழியவில்லை. அரசாங்கக் கிடங்கில் தாய் என்றும் மனைவி என்றும் பத்திரமாகவே இருந்தது. மேலே வரவிடாமல் எதுவோ மறைத்தது. காப்பாளரைத் தீர்மானிக்கிற கூறு பாவம், தன் கண்ணில் படுகிற வரிசையில் முதலில் வரும் பெரியவர்களை எடுத்துக்கொள்கிறது. மறைத்தது அதற்கு முந்தைய கூறு, உறவு வரிசை.

"எந்தப் புண்ணியவான் இதை எழுதினான்னு பாப்போம். ஒரு பொம்பளை பேரைக் காணாமப் பண்ணிட்டு எங்க நிம்மதியாச் சாப்பிட்டுக்கிட்டிருக்கானோ, விளங்காத பய" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி திட்டிக்கொண்டே கூறின் பின்பக்கத்தைத் திறந்தேன்.

உறவு வரிசை. எழுதியவர்: ச. சுபாஷினி. தவமணி அழைப்பிதழகம், சிவகாசி.

சுபாஷினி என்பது நான்தான். ச. என்பது சங்கரபாண்டி, என் அப்பா.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, தவமணி அண்ணாச்சி கடையில் கல்யாண அழைப்பிதழ் கட்டுகிற வேலை. காகிதம் குறைந்து, பத்திரிகையெல்லாம் திரையிலும் சுவர்ச் சட்டத்திலும் மின்ன ஆரம்பித்திருந்த காலம். பிள்ளையார் படம் ஒரு கூறு, முகூர்த்த நேரம் ஒரு கூறு என்று கோத்துக் கொடுப்போம். கஷ்டமெல்லாம் உறவு வரிசையில்தான். தாய்மாமன் மேலே வரவேண்டும், சின்ன மாமனார் கோபித்துக்கொள்ளக் கூடாது, செத்தவர் பெயருக்கு முன்னால் அமரர் வரவேண்டும். இதற்காகவே ஒரு கூறு எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக வேலை செய்தது.

ஆனால் வாரத்துக்கு நாலு தடவை ஒன்று நடக்கும். ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் திரையில் ஒரு பெயரைத் தொட்டு, "இதை எடுத்திரும்மா, நல்ல காரியம் பாரு" என்றார். அந்தப் பெயருக்குரியவள் அவருக்குப் பின்னாலேயே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா. முந்தின வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாதிரி அட்டைகளைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

யாரும் வாய் திறந்து சொல்லாமலே அது நடந்துவிட்டால் அந்த அம்மாக்களுக்கு இவ்வளவு வலிக்காதே என்று நினைத்தேன். சத்தியமாக நல்லெண்ணத்தில்தான் நினைத்தேன். கூறுக்குள் ஒரு விதி சேர்த்தேன். ஆவணம் மங்கலமானதாக இருந்து, கணவர் இறந்தவராக இருந்தால், மனைவி பெயரைக் காட்டாதே. அடுத்த ஜோடியை மேலே ஏற்று. மங்கலமா, இல்லையா என்று கூறு கேட்கும். பதில் வராவிட்டால் ஆம் என்று எடுத்துக்கொள்ளும். கருமாதிக் காரியத்துக்கு அச்சடிப்பதை அண்ணாச்சி கடைக்குள்ளேயே விடமாட்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரு பதில் உண்டு என்பதே என் புத்தியில் ஏறவில்லை.

கூறை நானும் அண்ணாச்சியும், யாரும் எடுத்துக்கொள்ளும்படி, பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டோம். தமிழ் முறைகளை இவ்வளவு சரியாகச் சொல்கிற கூறு வேறு இல்லை என்று அரசாங்கம் போன வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மங்கலமா என்ற கேள்விக்கு ஒரு அலுவலகமும் பதில் எழுதவில்லை. குடும்ப அட்டை, வாரிசுச் சான்றிதழ், ஆபரேஷன் சம்மதம் எல்லாமே ஒரு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையாகவே ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க? யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நான்தான்."

ஒளிக்காமல் முழுவதையும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உங்களை நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் வருது" என்றாள். "ஆனா சனிக்கிழமை வரைக்கும் எனக்கு நேரமில்ல. இதை எடுக்க முடியுமா, முடியாதா, அதைச் சொல்லுங்க."

எடுக்கலாம். ஆனால் லட்சம் ஆவணத்துக்கு மேல் ஓடுகிற கூறைத் தொட, களஞ்சியத்தில் போட்ட அத்தனை பேரும் கைரேகை வைக்க வேண்டும். ஒன்று என் ரேகை. இன்னொன்று அண்ணாச்சி ரேகை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அம்மாவையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்கு விட்டேன். திருத்தங்கல் தாண்டும்வரை பின்சீட்டில் நிலவரசி அம்மாவின் கன்னத்தைத் திருப்பித் திருப்பி, கடைப் பலகைகளை எல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள்.

தவமணி அண்ணாச்சிக்கு எழுபது ஆகிவிட்டது. ஆள் அப்படியே இருந்தார், நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றுக்கும் வேலை கிடையாது. "வா சுபா, அரசாங்க உத்தியோகம் வந்ததும் இந்தப் பக்கம் வழியே மறந்துருச்சா?" என்று வரவேற்றார். பிள்ளைக்குப் பாலும் எங்களுக்குக் காப்பியும் சொன்னார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை காப்பியைத் தொடவில்லை.

"அரசாங்கத்துல எடுக்கணும்னா எடுத்துரு. எங்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற?"

"கூறு ஒண்ணுதானே அண்ணாச்சி. அங்க எடுத்தா இங்கயும் போயிரும். பதினெட்டு வருஷமா இந்தக் கூறை வச்சு யாரு யாரு பத்திரிகை போட்டாங்களோ அத்தனையும் மாறும். சுவத்துல மாட்டி வச்சிருக்கிறதும் மாறும்."

"அந்தந்த ஆபீஸ்ல 'மங்கலம் இல்லை'ன்னு எழுதிக்கச் சொல்லு."

"நாலாயிரம் படிவம், நாலாயிரம் ஆபீஸ். சனிக்கிழமைக்குள்ள ஒருத்தர் தலைநிமிந்து பாப்பாங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "அப்ப என்னால முடியாது. ஒரு வீட்டுச் சுவத்துல இருக்கிற பத்திரிகையை அவங்களக் கேக்காம மாத்தறதுக்கு நீ யாரு, நான் யாரு? வேண்டாம்னு அவங்க சொன்னதுதானே? ஜனங்க கடையை அடிச்சு நொறுக்கிருவாங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மறைக்கிறப்ப மட்டும் ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டோமாக்கும்? கேக்காமத்தானே அண்ணாச்சி மறைச்சோம்! இந்த அம்மா வேண்டாம்னு சொன்னாங்களா? இவங்க பத்திரிகை போடவே இல்லியே, ஆஸ்பத்திரிக்குல்ல போனாங்க!"

"கத்தாதே. பிள்ளை மிரளுது."

"அவளுக்குக் கேக்காது அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி. குரலை உயர்த்தாமல் அவரைப் பார்த்தே சொன்னாள். "என் வீட்டுக்காரர் செத்தப்ப உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது. துக்கம் கேக்கக்கூட நீங்க வரல. என் பேரை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க. அதைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா?"

கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து, என்னைப் பார்த்தார்.

"முதமுதல்ல இது யாரு பேரை மறைச்சுது, ஞாபகம் இருக்கா சுபா?"

நான் காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"உன் கல்யாணப் பத்திரிகை. அதுலதான் சோதிச்சுப் பாத்தே. உங்க அப்பா தவறி ரெண்டு வருஷம். உங்க அம்மா பேரைக் காணோமேம்மான்னு நான் கேட்டேன். 'நான் எடுக்கல அண்ணாச்சி, கூறு அதுவாப் பண்ணிருச்சு'ன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே. எனக்கு அன்னைக்கே மனசு சரியில்ல. ஆனா எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அதுக்கப்புறம் கடையில யாரும் யாரையும் எடுக்கச் சொல்லிக் கேக்கல, யாரும் திரும்பி நின்னு கண்ணைத் துடைக்கல. வேலை சுலபமாப் போச்சு."

வெட்கத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. பதினெட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம். அம்மாகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், அதுவாப் பண்ணிருச்சு என்று.

"ரேகை வைக்கிறேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா நான் சொல்ற மாதிரி செய். அரசாங்கக் காகிதத்துல யாரையும் கேக்க வேண்டாம், அப்படியே திறந்து விட்டுரு. அது மறைக்கிற இடமே இல்ல. வீட்டுப் பத்திரிகையை நீயா மாத்தாதே. ஒவ்வொரு வீட்டையும் கேளு. முன்னாடி வாய் விட்டுச் சொல்லிக்கிட்டிருந்ததை நாமதான் வாயில்லாமப் பண்ணிட்டோம். இனிமே மறைக்கணும்னா வாயைத் திறந்து சொல்லிட்டு மறைக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். விதியை எடுக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கேள்வியை எழுதத்தான் இரண்டு மணி நேரம். 'இந்த அழைப்பிதழில் ஒரு பெயர் மறைக்கப்பட்டுள்ளது, காட்டலாமா?' என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு பெயர்னு போட்டா எவனும் யோசிக்காம வேண்டாம்னு அழுத்திருவான். பேரைச் சொல்லிக் கேளு. அம்மா பேரைக் கண்ணால பாத்துக்கிட்டே வேண்டாம்னு அழுத்தக் கொஞ்சம் கை நடுங்கும்ல?"

அப்படியே எழுதினேன். அவர் பெருவிரலை வைத்தார், நான் என் பெருவிரலை வைத்தேன். தலைமை மையம் சோதித்து வெளியிட மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. அதாவது வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்த நாள் பிள்ளைக்குப் பிறந்தநாள்.

அந்த மூன்று நாளும் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். செவ்வாயும் புதனும் தலைமை மையத்துக்கு நான் செய்த போனுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் அங்கிருந்த ஒரு பெண் எரிந்து விழுந்தாள், "மேடம், பதினெட்டு வருஷமாப் பாக்காததை மூணு நாள்ல பாக்கச் சொன்னா எப்படி?" நியாயமான கேள்விதான். வியாழனன்று ஒரு சோதனை தோற்றுப் போனது; மறுமணம் செய்தவர்களை வரிசை இரண்டு தடவை காட்டியது. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். என் வீட்டுக்காரர் ஓட்டலில் தோசை வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே செண்பகவல்லி பிள்ளையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தே முக்காலுக்குத் திறந்து பார்த்தோம், இல்லை. பதினொன்றுக்குப் பார்த்தோம், இல்லை. பதினொன்று பத்துக்கு அட்டையைத் திறந்தபோது அமரர் கணேசமூர்த்திக்கு அடுத்த வரியில், மனைவி செண்பகவல்லி. கீழே காப்பாளர், தாய், செண்பகவல்லி. முனீஸ்வரன் அவருக்குரிய இடத்துக்கு, சித்தப்பா என்ற வரிக்கு இறங்கியிருந்தார்.

அவள் திரையில் விரலை வைத்து அந்த வரியை ஒரு தடவை தடவினாள். பிறகு ஆஸ்பத்திரிச் சம்மதத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். மதுரையிலிருந்து பதிவு எண் வரும்வரை நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். வந்தது. அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. முனீஸ். சத்தமாகப் பேசுகிற மனுஷன், எனக்கே கேட்டது.

"மதினி, காப்பாளர்ல இருந்து என்னை எடுத்துட்டதாச் செய்தி வந்துச்சே. கையெழுத்தை நீங்களே போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன். கோபமா?"

"கோபமா? எட்டு நாளாத் தூக்கமில்லாமக் கிடக்கேன் மதினி. போட்டாலும் பயம், போடலைன்னாலும் பயம். இப்பத்தான் மூச்சு வருது. ஆபரேஷன் அன்னைக்கு நானும் வாரேன். வெளிய நிக்கிறதுக்கு எனக்குப் பயமில்ல."

அன்று சாயங்காலம் தலைமை மையத்திலிருந்து ஒரு எண்ணிக்கை வந்தது. மாநிலம் முழுவதும் அரசாங்க ஆவணங்களில் திரும்பி வந்த பெயர்கள் இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம். அத்தனை பேரும் ஒரு வருஷமாக எந்தெந்த ஜன்னலில் போய் நின்றார்களோ, என்னென்ன கேட்டுத் திரும்பினார்களோ. அந்த எண்ணை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நல்லெண்ணம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வருகிறது.

வீட்டுப் பத்திரிகைகளுக்குக் கேள்வி ஞாயிற்றுக்கிழமை போனது. பத்துக்கு ஒருத்தர் சரி என்றாலே பெரிய விஷயம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பத்துக்கு ஆறு பேர் காட்டலாம் என்று அழுத்தியிருந்தார்கள். மூன்று பேர் பதிலே சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்றார். சாத்தூரிலிருந்து ஒரு ஆள் மட்டும் கடைக்கே வந்து, என் பத்திரிகையை நோண்டுவதற்கு நீங்கள் யார் என்று குதித்திருக்கிறார். உள்ளே பார்த்தால் காட்டலாம் என்று பதிவாகியிருக்கிறது. பின்னாலேயே வந்த அவருடைய அம்மா, "ஏலே, வீட்டுக்கு வா. அழுத்தினது நான்தான்" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். அண்ணாச்சி இதை எனக்குப் போனில் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று தெரிந்துதான் இருந்தது. 'இசக்கியம்மாள். இவர் பெயர் உங்கள் அழைப்பிதழில் காட்டப்படவில்லை. காட்டலாமா?' நானே எழுதிய கேள்வி. காட்டலாம் என்று அழுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தப்புத் தப்பாக எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

"கல்யாணம் முடிஞ்சு பதினெட்டு வருஷமாச்சு. இப்ப எதுக்குடி இதெல்லாம்?" என்றாள். அப்புறம் அவளே கேட்டாள். "எந்த இடத்துல போட்டிருக்கு? மேலயா, கீழயா?"

"மேலம்மா. உன் பேருதான் முதல்ல."

"ம்" என்றாள். "எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அந்தப் பத்திரிகை எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனுக்கும் போயிருந்தது. மறுபடியும் கல்யாணமா என்று என் வீட்டுக்காரரை ஊரே விசாரித்தது. மனுஷன் நாலு நாள் திண்டாடிப் போனார்.

நிலவரசிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறியபின் கருவியை முடுக்கிவிடுகிற நாளுக்கு என்னையும் வரச் சொன்னாள் செண்பகவல்லி. "நீங்க வந்தே ஆகணும் மேடம். பாதித் தப்பு உங்களுது" என்றாள். மீதிப் பாதி யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நானும் முனீஸும் சுவரோரம் நின்றோம். முனீஸ் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கருவியைக் கையாளுகிற பெண் சின்ன வயதுக்காரி, முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"பிள்ளை முதல்ல பயப்படலாம், அழலாம். கேக்கிறது என்னன்னு அவளுக்கு இன்னும் தெரியாது, மெள்ள மெள்ளத்தான் பழகும். இப்ப நான் திறக்கிறேன். பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."

செண்பகவல்லி பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"செண்பகவல்லி" என்றாள்.

பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கண் அகலமாக விரிந்தது. ஃபேனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அழுவதற்கு உதட்டைக் கோணினாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

"பிள்ளை பேரைச் சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண், தவறாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து.

"அவ பேரை இனிமே ஊரே கூப்பிடும்" என்றாள் செண்பகவல்லி. "என் பேரை முதல்ல அவ கேக்கட்டும்."

நிலவரசி அழவில்லை. ஒரு கையை எடுத்து அம்மாவின் உதட்டின் மேல் வைத்து, இரண்டு தடவை தட்டினாள். மறுபடி சொல்லு என்பதற்கு அவர்கள் வீட்டு ஜாடை அது என்று முனீஸ் எனக்குச் சொன்னார்.

செண்பகவல்லி மறுபடி சொன்னாள்.